இம்பாலுக்கும் அய்ஸாலுக்கும் எவ்வளவு தூரம்?

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கணக்கிடுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பூமி உருண்டையில் இரண்டு புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை. உருண்டையின் மேற்பரப்பை ஒட்டி ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அதுதான் மிகக் குறுகிய வழி. கோணவியல் மறக்காத எவரும் இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். மணிப்பூரின் இம்பால் விமான நிலையத்திற்கும், மிசோரம் தலைநகர் அய்ஸாலுக்கான லெங்புய் விமான நிலையத்திற்கும் இப்படிக் கணக்குப் போட்டால் வருவது சுமார் 165 கி.மீ. விமானிகளின் வழக்கப்படி கடல் மைலில் சொன்னால் 89. சென்னையிலிருந்து விழுப்புரம் போகிற தூரம்தான்.

பறக்கும் நேரத்திற்கும் ஓர் எளிய வாய்ப்பாடு உண்டு. மணிக்கு 800 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொண்டு தூரத்தை வகுக்க வேண்டும். மேலே ஏறவும் கீழே இறங்கவும் அரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 165 கி.மீ.க்கு 12 நிமிடம். அரை மணியைச் சேர்த்தால் 42 நிமிடம். சிறு நகரங்களுக்கு இடையே ஓடும் ஏடிஆர் ரக விமானத்திற்கு அவ்வளவு வேகம் கிடையாது. மணிக்கு ஏறக்குறைய 500 கி.மீ.தான். இவ்வளவு குறுகிய தூரத்தில் அது பெரிய வித்தியாசம் அல்ல. உயரம் எட்டிச் சற்று நேரம் போவதற்குள் இறங்க ஆரம்பித்துவிட வேண்டும். புறப்பட நகர்வதிலிருந்து போய் நிற்பது வரை முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை இருக்காது.

தூரம் என்ற சொல் மொழிபெயர்ப்பாளர்களைச் சிரமப்படுத்தும் சொற்களில் ஒன்று. வளைவு நெளிவு இல்லாத நேர்க்கோட்டுத் தொலைவைச் சொல்ல ஆங்கிலத்தில் காகத்தைத் துணைக்கு அழைப்பார்கள். அதை அப்படியே தமிழில் எழுதினால் யாருக்கும் புரியாது. தமிழ்நாட்டில் காகத்திற்கு நிலம் அளக்கும் வேலை கிடையாது. வீட்டு முற்றத்தில் கரைந்து விருந்தாளி வரப்போவதைச் சொல்வதுதான் அதன் வேலை. அந்த நம்பிக்கையைப் பாடியதாலேயே காக்கைபாடினியார் என்று பெயர் பெற்ற சங்கப் புலவர் ஒருவர் உண்டு.

நம்முடைய பழைய அளவைகளிலும் மனிதர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் காதில் விழுவது கூப்பிடு தூரம். ஒரு நாழிகைக்குள் நடந்துவிடக்கூடியது நாழிகை வழி. இரண்டுக்கும் கூப்பிடவும் நடக்கவும் ஓர் ஆள் வேண்டும். நேர்க்கோட்டுத் தொலைவுக்கு அப்படி யாரும் தேவையில்லை. இம்பாலுக்கும் அய்ஸாலுக்கும் இடையில் உள்ள 165 கி.மீ.யைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்த வேறுபாடுதான் நினைவுக்கு வருகிறது.

வரைபடத்தைப் பார்த்தால் இரண்டும் அடுத்தடுத்த மாநிலத் தலைநகரங்கள். தரையில் நிலைமை வேறு. இடையில் வடக்கு தெற்காக ஒன்றன்பின் ஒன்றாக மலைத்தொடர்கள். அவற்றுக்கு நடுவே ஆறுகள். இம்பாலிலிருந்து மேற்கே ஜிரிபாம் வழியாக அசாமின் சில்சாருக்கு இறங்கி, அங்கிருந்து தெற்கே மறுபடியும் மலையேறி அய்ஸால் போகலாம். அல்லது தெற்கே சூராசந்த்பூர் போய் அங்கிருந்து மலைச்சாலையில் மேற்கே திரும்பலாம். எந்த வழியானாலும் 300 கி.மீ.க்கு மேல். மழைக்காலத்தில் எத்தனை மணி நேரம் என்பதை நிலச்சரிவுகள்தான் தீர்மானிக்கும். முக்கால் மணி நேர விமானத்தின் அருமையை இந்த மலைகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு விமான நிலையங்களுக்கும் தனித்தனிக் கதை உண்டு. இம்பால் விமான நிலையம் இருக்கும் துலிஹால், இரண்டாம் உலகப் போரில் இம்பால் சமவெளியில் இருந்த விமானத் தளங்களில் ஒன்று. 1944இல் ஜப்பானியப் படை கோஹிமா சாலையைத் துண்டித்தபோது, அந்தச் சாலை ஜூன் 22ஆம் தேதி மீண்டும் திறக்கும்வரை நகரத்தையும் அங்கிருந்த ராணுவத்தையும் காப்பாற்றியது விமானங்களில் வந்த சரக்குதான். சாலை மூடினால் வானத்தைப் பார்ப்பது என்ற பழக்கம் இம்பாலுக்கு அப்போதே வந்துவிட்டது. ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு 1891 ஆகஸ்ட் 13ஆம் தேதி தூக்கிலிடப்பட்ட இளவரசர் திகேந்திரஜித்தின் பெயரைத்தான் இந்த விமான நிலையம் தாங்கி நிற்கிறது.

மிசோ மக்களுக்கு விமானத்தைப் பற்றிய முதல் பெரிய நினைவு இனிமையானது அல்ல. 1966 மார்ச்சில் மிசோ தேசிய முன்னணியின் கிளர்ச்சியை அடக்க இந்திய விமானப்படை அய்ஸால் மீது குண்டு வீசியது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு 1986 ஜூன் 30ஆம் தேதி சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. 1987இல் மிசோரம் தனி மாநிலமானது. அந்த மாநிலத்தின் அரசு தானே முன்னின்று கட்டிய விமான நிலையம் லெங்புய். 1998 டிசம்பரில் திறக்கப்பட்டது. மலைத் தலையைச் சீவிச் சமன் செய்து அமைத்த 2,500 மீட்டர் ஓடுபாதை. இரு முனைகளுக்கு அப்பாலும் சரிவு. ஓடுபாதைக்கு அடியில் ஓடைகள் பாய்கின்றன. 2024 ஜனவரி 23 அன்று, எல்லை தாண்டி வந்த தன் நாட்டுப் படையினரைத் திரும்ப அழைத்துச் செல்ல வந்த மியான்மர் ராணுவ விமானம் ஒன்று இங்கே ஓடுபாதையை விட்டு விலகிச் சரிந்தது. அய்ஸால் நகரம் இங்கிருந்து 32 கி.மீ.; மலைச்சாலையில் ஒரு மணி நேரத்திற்கு மேல். பறக்கும் நேரத்தைவிட நிலையத்திலிருந்து ஊருக்குப் போகும் நேரம் அதிகம். எந்த வாய்ப்பாட்டிலும் இந்த நேரம் சேருவதில்லை.

இப்படிப்பட்ட இரு நிலையங்களுக்கு இடையே விமானம் விட எந்த நிறுவனமும் தானாக முன்வராது. லாபம் பெருநகரங்களுக்கு இடையில்தான் இருக்கிறது. வடகிழக்கின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போகிறவர் கொல்கத்தாவுக்கோ குவஹாத்திக்கோ பறந்து, காத்திருந்து, மீண்டும் பறப்பது சாதாரணம். இதை டெல்லி அறியாமல் இல்லை. பெரிய வழித்தடங்களில் பறக்கும் நிறுவனங்கள் தங்கள் கொள்ளளவில் ஒரு பங்கை வடகிழக்கு, காஷ்மீர், அந்தமான், லட்சத்தீவு போன்ற பகுதிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று 1994 மார்ச்சில் விதி வந்தது. அந்த ஒதுக்கீட்டிலும் பத்தில் ஒரு பங்கு அந்தப் பகுதிகளுக்கு உள்ளேயே, ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் பறக்க வேண்டும் என்று அப்போதே எழுதி வைத்தார்கள்.

பிறகு 2016இல் உடான் திட்டம் வந்தது. 2017 ஏப்ரல் 27ஆம் தேதி சிம்லாவிலிருந்து டெல்லிக்கு முதல் விமானம் புறப்பட்டது. ஒரு மணி நேரப் பயணத்திற்கு ரூ. 2,500 என்ற உச்சவரம்பு விமானத்தின் பாதி இருக்கைகளுக்கு; நிறுவனத்தின் இழப்பை ஈடுகட்ட மூன்று ஆண்டுகளுக்கு மானியம். நல்ல பலன்களும் கிடைத்தன. 2021 ஜூலை 13ஆம் தேதி இம்பாலிலிருந்து ஷில்லாங்குக்கு நேரடி விமானம் தொடங்கியபோது, சாலையில் 12 மணி நேரமாக இருந்த பயணம் இனி ஒரு மணி நேரம் என்றது அரசு அறிவிப்பு. அதன் மறுபக்கத்தை 2023இல் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை காட்டியது. முதல் மூன்று சுற்றுகளில் வழங்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403இல் விமானம் புறப்படவே இல்லை. தொடங்கிய 371இல் மானியக் காலமான மூன்று ஆண்டுகளைத் தாண்டியவை 112. மானியம் நின்ற பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54. இம்பால் - அய்ஸால் போன்ற நேரடி விமானங்கள் கால அட்டவணையில் தோன்றுவதும் மறைவதுமாக இருப்பதில் வியப்பில்லை.

மானியம், ஓடுபாதை, விமானம் எல்லாம் பணத்தால் தீரக்கூடிய சிக்கல்கள். 2023 மே 3ஆம் தேதிக்குப் பிறகு மணிப்பூரில் வந்த சிக்கல் அப்படிப்பட்டது அல்ல.

மெய்தி மக்களுக்குப் பழங்குடி அந்தஸ்து தரும் யோசனையை எதிர்த்து அன்று மலை மாவட்டங்களில் பேரணி நடந்தது. மாலைக்குள் வன்முறை வெடித்தது. சமவெளியில் மெய்திகள், மலையில் குகி-ஜோ மக்கள் என்று மாநிலம் இரண்டாகப் பிரிந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்; சுமார் 60,000 பேர் வீடிழந்தார்கள். இரண்டு பகுதிகளுக்கும் நடுவே பாதுகாப்புப் படையினர் நிற்கும் இடைவெளிப் பகுதி உருவானது. ஒரு தரப்பைச் சேர்ந்தவர் மறு தரப்பின் பகுதிக்குள் கால் வைப்பது உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தது.

குகி-ஜோ மக்களின் முக்கிய நகரம் சூராசந்த்பூர். அங்கிருந்து இம்பாலுக்கு வரும் திடிம் சாலையின் மேலேயே இருக்கிறது விமான நிலையம். மோய்ராங், பிஷ்ணுபூர் வழியாகச் சுமார் 60 கி.மீ. ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுவார்கள். டெல்லியில் படிக்கும் பிள்ளையும், பெங்களூரில் வேலை பார்க்கும் பெண்ணும், கொல்கத்தாவுக்குச் சிகிச்சைக்குப் போகும் நோயாளியும் இந்தச் சாலையில் வந்துதான் விமானம் ஏறினார்கள். சிக்கலான நோய்க்கு இம்பாலில் 1972இல் தொடங்கப்பட்ட மண்டல மருத்துவ அறிவியல் கழக மருத்துவமனையும் இதே சாலையின் முடிவில்தான். 2023 மே மாதத்திற்குப் பிறகு இந்த 60 கி.மீ. அவர்களுக்கு இல்லாமல் போனது. சாலை இடிந்துவிடவில்லை. லாரிகள் போயின. மெய்தியும் அல்லாத குகியும் அல்லாத பங்கல் முஸ்லிம் ஓட்டுநர்கள் இரண்டு பக்கத்துச் சோதனைச் சாவடிகளையும் தாண்டிப் போய்வந்தார்கள். அந்த ஊர்க்காரர்களால்தான் போக முடியவில்லை.

விமானம் ஏற அவர்கள் லெங்புய்க்குப் போனார்கள். 60 கி.மீ. தொலைவில் இருந்த விமான நிலையத்தை விட்டுவிட்டு, மாநில எல்லை தாண்டி 300 கி.மீ.க்கு மேல் மலைச்சாலையில் அரை நாளுக்கும் அதிகமாக வண்டியில் உட்கார்ந்து போய், அங்கே விமானம் பிடித்தார்கள். டயாலிசிஸ் தேவைப்படுகிறவரையோ நிறைமாதக் கர்ப்பிணியையோ அந்த வண்டியில் வைத்துப் பாருங்கள். 165 கி.மீ., 42 நிமிடம் என்ற வாய்ப்பாடு மாறவில்லை. அந்த இரு புள்ளிகளில் ஒன்று அவர்களுக்கு அழிந்துவிட்டது.

இந்தக் கதைக்கு ஒரே ஒரு பக்கம்தான் என்று நினைத்துவிடக் கூடாது. 2023 ஜூலையில், இரண்டு குகிப் பெண்கள் அவமானப்படுத்தப்பட்ட காட்சி வெளியாகி நாடே அதிர்ந்தது. குகிகள் மிசோக்களின் ரத்த உறவு. 2021இல் மியான்மரில் ராணுவ ஆட்சி வந்த பிறகு அங்கிருந்து ஓடி வந்த சின் இன மக்களையும், மணிப்பூரிலிருந்து வந்த 12,000க்கும் மேற்பட்டவர்களையும் மிசோரம் வைத்துப் பராமரித்துக்கொண்டிருந்தது. அங்கே கோபம் மூண்டது. மிசோரமில் வசிக்கும் மெய்திகள் தங்கள் பாதுகாப்பைக் கருதி வெளியேறுவது நல்லது என்று முன்னாள் போராளிகளின் சங்கம் ஒன்று அறிக்கை விட்டது. மிசோரம் அரசு பாதுகாப்புக்கு உறுதி கொடுத்தது. என்றாலும் பல மெய்திக் குடும்பங்கள் மூட்டை கட்டின. சிலர் சாலை வழியாக அசாமின் பராக் பள்ளத்தாக்குக்குப் போனார்கள். சிலர் லெங்புய்க்குப் போய் இம்பாலுக்கு விமானம் ஏறினார்கள்.

ஆகவே அந்த ஜூலை மாதத்தில் லெங்புய் விமான நிலையத்தை மணிப்பூரின் இரண்டு மக்களும் பயன்படுத்தினார்கள். இம்பாலுக்குப் போக முடியாததால் வந்தவர்கள் ஒரு பக்கம். அய்ஸாலில் இருக்க முடியாததால் இம்பாலுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். இருவர் கையிலும் இருந்தது ஒரே நாட்டின் அடையாள அட்டை. இருவருமே பயத்தில் பயணம் செய்தார்கள். நேரடி விமானம் என்பது வணிகத்தையும் உறவையும் வளர்க்கும் என்று திட்ட அறிக்கைகளில் எழுதுவார்கள். அன்று அந்த முக்கால் மணி நேர விமானம் செய்த வேலை, அய்ஸாலில் வாழ்ந்த மெய்திகளை அவர்களுடைய மாநிலத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இந்த வரைபடத்தில் தமிழர்களும் இருக்கிறார்கள். பர்மாவிலிருந்து 1960களில் வெளியேறி, மியான்மர் எல்லையில் மோரே என்ற ஊரில் தங்கிவிட்ட குடும்பங்கள். இம்பாலிலிருந்து சுமார் 110 கி.மீ. அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அங்காளபரமேசுவரி கோயில் இருக்கிறது. 2023 மே மாதத் தீயில் இந்தச் சண்டையில் எந்தத் தரப்பும் அல்லாத அவர்களின் வீடுகள் சிலவும் எரிந்தன. சாலை மூடினால் அவர்களுக்கும்தான் இம்பால் தூரமாகிறது.

அரசு சும்மா இருக்கவில்லை. சாலையில் போக முடியாதவர்களுக்காக ஹெலிகாப்டர் சேவைகள் அறிவிக்கப்பட்டன. 2025 பிப்ரவரி 13ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. மார்ச் 8ஆம் தேதி முதல் எல்லாச் சாலைகளிலும் தடையின்றிப் போக்குவரத்து என்று மத்திய உள்துறை அமைச்சர் உத்தரவிட்டார். பாதுகாப்புப் படையின் துணையோடு பேருந்துகள் புறப்பட்டன. அன்றே காங்போக்பி மாவட்டத்தில் மோதல் நடந்து போராட்டக்காரர் ஒருவர் இறந்தார். சாலையைத் திறக்க உத்தரவு மட்டும் போதாது என்பது ஒரே நாளில் தெரிந்துவிட்டது.

2025 செப்டம்பர் 13 அன்று பிரதமர் இதே பாதையில் பயணம் செய்தார். முதலில் மிசோரம். பைரபியிலிருந்து சாய்ரங் வரை 51 கி.மீ. ரயில் பாதையைத் தொடங்கிவைத்து அய்ஸாலை நாட்டின் ரயில் வரைபடத்தில் சேர்க்கும் நாள் அது. 48 சுரங்கங்களைக் குடைந்து போட்ட பாதை. கனமழையால் அவரால் விழா மைதானத்திற்குப் போக முடியவில்லை. லெங்புய் விமான நிலையத்தில் இருந்தபடியே திறந்துவைத்தார். பிறகு இம்பாலுக்குப் பறந்தார். அங்கிருந்து சூராசந்த்பூருக்கு ஹெலிகாப்டரில் போவதாக ஏற்பாடு. மழை அதையும் விடவில்லை. சாலையில் போனார். வழியெங்கும் மக்கள் கொடியோடு நின்றதைப் பார்க்க முடிந்தது, ஹெலிகாப்டர் பறக்காததும் நல்லதாயிற்று என்று மேடையில் சொன்னார்.

அன்று அவர் வானில் கடந்தது எளிய தூரம். தரையில் கடந்த 60 கி.மீ.தான் அருமையானது. விமான நிலைய வாசலிலிருந்து சூராசந்த்பூர் மைதானம் வரை அவருடைய வண்டி போன அந்தச் சாலையில், காவல் இல்லாமல் ஒரு குகி வியாபாரியோ ஒரு மெய்தி ஆசிரியையோ முழுத் தூரமும் போய்த் திரும்பும் துணிச்சல் அந்த நாளில் இல்லை. அந்த ஊர் மக்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகக் கிடைக்காத பயணம் அது.

புதிய ஓடுபாதைகளும் புதிய ரயில் பாதைகளும் வரட்டும். ஜிரிபாமிலிருந்து இம்பாலுக்கு வரவிருக்கும் 111 கி.மீ. ரயில் பாதையில், நோனே என்ற இடத்தில் 141 மீட்டர் உயரத் தூண்களின் மேல் பாலம் எழுப்பியிருக்கிறார்கள். மலையைக் குடையத் தெரிந்த பொறியாளர்கள் நம்மிடம் நிறையவே இருக்கிறார்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை நிமிடம் என்று அரசு வெளியிடும் பட்டியலில் இன்னொரு பத்தியையும் சேர்க்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். விமான நிலையத்தைச் சுற்றி இருக்கும் ஒவ்வொரு சமூகத்து மனிதரும் தன் வீட்டு வாசலிலிருந்து அதன் வாசலுக்கு வந்து சேர எவ்வளவு நேரம்? இந்தக் கேள்விக்குச் சிலருக்கு ஒரு மணி என்றும், சிலருக்கு ஒரு நாள் என்றும் பதில் வந்தால், அந்த விமான நிலையம் இன்னும் அந்த ஊருக்குச் சொந்தமாகவில்லை.

நேர்க்கோட்டுத் தொலைவை அளக்க இப்போது செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. சூராசந்த்பூரிலும் இம்பாலிலும் நட்பும் வியாபாரமும் திருமண உறவும் வைத்திருந்த குடும்பங்கள் இரண்டு பக்கமும் உண்டு. அந்த வீடுகளின் முற்றத்தில் காகம் கரைந்தால், மறு பக்கத்திலிருந்து விருந்தாளி வந்து சேர வேண்டும். அது எப்போது நடக்கிறதோ அன்றைக்கு அந்த 60 கி.மீ. மறுபடியும் ஒன்றரை மணி நேரம் ஆகும்.